சும்மா கிடைத்த ஸ்பேம் வடிகட்டியும் அதற்கு நான் கட்டிய வட்டியும்

"தம்பி, அவங்க மூணு தடவை அனுப்பிட்டாங்களாம். இங்க ஒண்ணும் வரலை. நீ ஏதும் பண்ணி வச்சிருக்கியா?"

கணக்குப் பிரிவு அக்கா இப்படிக் கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல், "அட்ரஸைத் தப்பா போட்டிருப்பாங்கக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து ஏதோ உறுத்த, சர்வருக்குள் போய்ப் பார்த்தால் மூன்று மெயிலும் ஸ்பேம் பெட்டியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதோடு நிறுத்தியிருந்தால் மானம் தப்பியிருக்கும். மேலே உருட்டிக்கொண்டே போனேன். 11 மாதக் குப்பை, அதற்குள் 41 நல்ல மெயில்கள். அதில் ஒன்று, வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பெண் நேர்காணல் தேதியை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டு எழுதியது. அன்றைக்கு ஆள் வரவில்லை, தகவலும் இல்லை என்று நாங்கள் அவரை ஒதுக்கியே விட்டிருந்தோம்.

எங்களுடையது சின்ன அலுவலகம், சொந்த மெயில் சர்வர். மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், அதற்குப் பின்னால் ஸ்பேமைப் பிரிக்க ஸ்பேம் அசாசின், இரண்டுக்கும் நடுவே யாரோ ஒருவர் எழுதி இணையத்தில் போட்டிருந்த ஒரு குட்டித் துணை நிரல், ஸ்பேம் அனுப்புகிறவர்களின் பட்டியலான பிளாக்லிஸ்ட் நாலைந்து. எனக்கு முன்னால் இருந்த அட்மின் கட்டிவைத்தது, நான் நாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்றால், ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடியது. அதுதான் பிரச்சினையே. நின்றுபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அக்காவுக்கு வராத மெயிலின் தலையில் ஒளிந்திருக்கும் தகவல் வரிகளை, அதாவது ஹெடரைத் திறந்து ஸ்கோரைப் பிரித்துப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காக: ஸ்பேம் அசாசின் மெயிலைப் படித்து ஒவ்வொரு விதிக்கும் இவ்வளவு என்று புள்ளி போட்டுக் கூட்டும், கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். இந்த மெயிலுக்கு 5.7. அதில் வெறும் எச்டிஎம்எல் மட்டும் இருக்கிறது, சாதாரண எழுத்து வடிவம் இல்லை என்பதற்கு 0.7. பேய்ஸ் என்கிற கற்றுக்கொள்ளும் பகுதி 'எனக்கு ஒன்றும் புரியவில்லை, பாதிக்குப் பாதி' என்று கையை விரித்ததற்கு 0.8. பழைய அட்மின் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்த விதித்தொகுப்பு ஒன்று, 'இன்வாய்ஸ்' என்ற சொல்லும் இணைப்பும் சேர்ந்து வந்தால் 1.2 போடச் சொல்கிறது. கணக்குப் பிரிவுக்கு வருகிற மெயிலில் இன்வாய்ஸ் இல்லாமல் வேறென்ன இருக்கும்! சரி, இதுவரை 2.7 தான், தப்பித்திருக்கலாம். மீதி 3.0 மொத்தமாக ஒரே இடத்திலிருந்து வந்தது, அந்தக் குட்டித் துணை நிரலிலிருந்து.

அது செய்வது ஒன்றே ஒன்று. அனுப்பியவரின் ஐபி முகவரியைத் திருப்பிப் போட்டு ஒரு பிளாக்லிஸ்டின் டொமைனோடு ஒட்டி, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் கேட்கும். பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறார், வராவிட்டால் இல்லை. ஐபி பிளாக்லிஸ்ட்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன, எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் எங்கள் துணை நிரல் கேட்டுக்கொண்டிருந்த பட்டியலை நடத்தியவர் எப்போதோ கடையைச் சாத்திவிட்டார். டொமைன் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கி விளம்பரப் பக்கம் ஒன்றில் நிறுத்திவைத்துவிட்டார்கள். அப்படி நிறுத்திய டொமைனின் முன்னால் என்ன பெயரை ஒட்டிக் கேட்டாலும் ஏதோ ஒரு ஐபி பதிலாக வரும். துணை நிரலுக்கு எந்தப் பதிலும் பதில்தான். ஆக, உலகத்தில் யார் மெயில் அனுப்பினாலும் '3 புள்ளி, திருடன்'. பிளாக்லிஸ்டின் உண்மையான பதில் 127 என்று தொடங்கவேண்டும் என்பது ஊரறிந்த மரபு. ஸ்பேம் அசாசினே நேராகக் கேட்டிருந்தால் 127-ல் தொடங்காத பதிலைத் தள்ளியிருக்கும், இந்தக் கூத்து நடந்திருக்காது. ஒரு கூட்டம் பல வருடம் அடிபட்டுப் பழகிய மென்பொருளுக்கும், ஒருவர் ஒரு வாரக் கடைசியில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வரிச் சோதனையில் இருக்கிறது.

அந்த நிரலின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கடைசியாகக் கைவைத்து 7 வருடம். இதே வழுவை யாரோ சொல்லியிருக்கிறார், இன்னொருவர் திருத்தமும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது சேர்க்கப்படாமல் அப்படியே கிடக்கிறது. எழுதியவர் கடைசியாகப் போட்ட பதில், வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கிறேன் என்று. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னிடம் காசு வாங்கினாரா, கையெழுத்துப் போட்டாரா? நிறுவும் முன் அந்தப் பக்கத்தை இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் போதும், பழைய அட்மினும் பார்க்கவில்லை, நாலு வருடமாக நானும் பார்க்கவில்லை.

செத்த பிளாக்லிஸ்ட் பேயாக வருவது புதுக் கதையும் இல்லை. ஓஆர்டிபி என்று ஒன்று இருந்தது, யார் மெயிலையும் கேள்வி கேட்காமல் கடத்திவிடும், திறந்து கிடக்கும் ரிலே சர்வர்களின் பட்டியல். 2006 டிசம்பரில் மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் ஏராளமான சர்வர்கள் கேட்பதை நிறுத்தவே இல்லை. 2008 மார்ச்சில் யார் கேட்டாலும் 'ஆமாம், பட்டியலில் இருக்கிறார்' என்று பதில் வர ஆரம்பித்தது. அதற்கு மேலும் அதை நம்பிக்கொண்டிருந்த சர்வர்கள் வருகிற மெயிலை எல்லாம் திருப்பி அடித்தன. சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது, அந்தப் பெயர் இன்னும் எத்தனை கான்ஃபிக் கோப்புகளில் உட்கார்ந்திருக்கிறதோ. உங்களுடையதில் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

இப்போது ஸ்பேம் அசாசினைப் பற்றி. 2001-ல் ஆரம்பித்தது, பெர்ல் மொழியில் எழுதியது, 2004-லிருந்து அப்பாச்சி அமைப்பின் கீழ் இருக்கிறது. இன்றும் உயிரோடு இருக்கிற திட்டம்தான், ஆனால் நடை மெதுவான நடை. 3.4.1 வந்தது 2015-ல், அடுத்த 3.4.2-க்கு 2018 வரை காத்திருக்கவேண்டியிருந்தது, 4.0 வந்தது 2022 டிசம்பரில். ஸ்பேம் அனுப்புகிறவன் அவ்வளவு காலம் காத்திருப்பானா? அதனால்தான் மென்பொருளைத் தனியாகவும் விதிகளைத் தனியாகவும் வைத்திருக்கிறார்கள். எஸ்ஏ-அப்டேட் என்ற கட்டளையைத் தினமும் ஓடவிட்டால் புது விதிகளும் புது ஸ்கோர்களும் இறங்கும். ஏற்பாடு சரியானதுதான். அதை நாங்கள் வைத்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான், தினமும் இரவு அதை ஓட்டிக்கொண்டிருந்தது. அது சொல்லும் பதிலையெல்லாம் பழைய அட்மின் நேராகக் குப்பைக்கு அனுப்பி வைத்திருந்தார், தினமும் அவருக்கு மெயில் வந்து தொல்லை கொடுத்திருக்கும் போல. இந்தக் கட்டளைக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. புதிதாக ஏதாவது கிடைத்தால் 0 என்று முடியும், புதிதாக ஒன்றும் இல்லை என்றால் 1, உண்மையான தவறு என்றால் 4 அல்லது அதற்கு மேல். 1 என்றாலே கோளாறு என்று பழகிய க்ரான் ஆட்கள் இதைப் பார்த்துக் கடுப்பாகி வாயைக் கட்டிவிடுவார்கள், அப்புறம் உண்மையாகவே அலறினாலும் வெளியே கேட்காது. 2020 மார்ச் 1-லிருந்து ஷா-1 என்ற பழைய முறைச் சரிபார்ப்போடு விதிகள் வெளியிடுவதை நிறுத்துகிறோம், 3.4.2-க்கு மாறிவிடுங்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். எங்களிடம் இருந்தது 3.4.1. அதற்குப் பிறகு ஒரு விதிகூட இறங்கவில்லை. அந்தத் தேதிக்கு முந்தைய விதிகளை வைத்துக்கொண்டு இன்றைய ஸ்பேமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். இதை ஸ்பேம் அசாசின் தலையில் கட்டமுடியாது, சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள்.

ஆனால் அவர்களும் சறுக்கிய இடம் உண்டு, அது 2010 ஜனவரி 1. அனுப்பிய தேதி ரொம்ப தூர எதிர்காலத்தில் இருந்தால் ஸ்பேமாக இருக்கலாம் என்று ஒரு விதி, நியாயமான விதிதான். அதை எழுதியபோது 2010-லிருந்து எல்லாம் 'ரொம்ப தூரம்' என்று வைத்திருந்தார்கள். புத்தாண்டு பிறந்ததும் தேதியைச் சரியாகப் போட்டு வந்த மெயில் எல்லாம் மாட்டிக்கொண்டது, பெரும்பாலான அமைப்புகளில் 3-க்கு மேல் புள்ளி. புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவன் ஸ்பேமர்! எனக்கு இதில் உறைத்தது வழு இல்லை. மேம்பாட்டில் இருந்த பதிப்பில் இதை ஏற்கெனவே திருத்தியிருந்தார்கள், அந்தத் திருத்தம் எஸ்ஏ-அப்டேட் வழியே நேரத்துக்கு வெளியே போகவில்லை, அவ்வளவுதான். மருந்து அலமாரியில் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. தன்னார்வலர்கள் நடத்துகிற எந்தத் திட்டத்திலும் நான் முதலில் பார்ப்பது இப்போது இதைத்தான்: திருத்தம் எழுதப்பட்டதற்கும் என் சர்வருக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவே எத்தனை நாள்.

பேய்ஸ் பகுதிக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், தமிழில் மெயில் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். குறைந்தது 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் படித்த பிறகுதான் அது வாயையே திறக்கும். நன்றாகப் பழக்கினால் அடையாளம் காண்பதில் கில்லாடி, ஒரு மெயிலைப் பார்த்து 99 சதவீதம் ஸ்பேம் என்று சொன்னால் 3.5 புள்ளி போடும் அளவுக்கு அதை நம்புகிறார்கள். எங்களுடையதை யாரும் பழக்கவில்லை, தானாகப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். தானாகப் படிப்பது என்றால், ஸ்கோர் 0.1-க்குக் கீழே போனதை நல்லது என்றும் 12-ஐத் தாண்டியதை ஸ்பேம் என்றும் எடுத்துக்கொள்ளும். ஸ்கோரே தப்பாக இருந்தால் படிப்பது எப்படிச் சரியாக இருக்கும்? செத்த பட்டியல் எல்லாருக்கும் 3 புள்ளி போட்டுக்கொண்டிருந்ததால் நல்ல மெயில் எதுவும் 0.1-க்குக் கீழே இறங்கவே இல்லை, ஆகவே பல மாதமாக அது நல்லதைப் படிக்கவே இல்லை, ஸ்பேமை மட்டும் மாங்கு மாங்கென்று படித்திருக்கிறது.

அதற்கு மேல் தமிழ் வேறு. பழைய பதிப்புகளில் 15 பைட்டுக்கு மேல் நீண்ட சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளமாட்டார்கள், ஆங்கிலம் அல்லாத எழுத்தாக இருந்தால் இரண்டிரண்டு பைட்டாக வெட்டிப் போடுவார்கள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, ஆக 21 பைட். அதை இரண்டிரண்டாக வெட்டினால் என்ன வரும்? ஒரு எழுத்தின் வாலும் அடுத்த எழுத்தின் தலையும். வணக்கம் சொல்கிறவனுக்கும் லாட்டரி விழுந்தது என்கிறவனுக்கும் ஒரே பொடிதான். நம் மெயில்களுக்கு அது கையை விரித்ததில் ஆச்சரியமே இல்லை. 4.0-ல் பல மொழி எழுத்துகளைக் கையாளும் விதத்தை நிறையவே சரிசெய்திருக்கிறார்கள். தமிழில் மெயில் வருகிற இடம் என்றால் 3.4-ல் தொங்கிக்கொண்டிருப்பதற்கு எந்தக் காரணமும் சொல்லாதீர்கள்.

இன்னொரு அசிங்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சர்வர் டிஎன்எஸ் கேள்விகளை எல்லோரும் பயன்படுத்தும் கூகுளின் 8.8.8.8 வழியே அனுப்பிக்கொண்டிருந்தது. இலவசப் பிளாக்லிஸ்ட்காரர்கள் பலர் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று எண்ணித்தான் அனுமதிக்கிறார்கள், பொதுவழியே வருகிற கேள்விக்குப் பதில் தரமாட்டார்கள். அதைச் சொல்ல ஸ்பேம் அசாசின் ஒரு விதியே வைத்திருக்கிறது, புள்ளி 0.001, கூடவே 'நிர்வாகி கவனத்துக்கு, உங்கள் கேள்வி மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி. அந்த வரி எங்களுக்கு வந்த ஒவ்வொரு மெயிலிலும் இருந்திருக்கிறது. நாலு வருடம், தினமும், நூற்றுக்கணக்கான மெயிலில் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், நான் பிரிக்கவே இல்லை. அன்பவுண்ட் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வரை அதே பெட்டியில் போட 10 நிமிடம் ஆயிற்று.

கிரேலிஸ்டிங் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. போஸ்ட்கிரே போட்டுப் பார்த்தேன், புது ஆள் வந்தால் '5 நிமிடம் கழித்து வா' என்று திருப்பி அனுப்பும், ஒழுங்கான சர்வர் திரும்ப வரும். ஓடிபி மெயில் 5 நிமிடம் கழித்து வந்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எடுத்துவிட்டேன்.

மாற்று என்ன என்று தேடியபோது முதலில் பார்த்தது டிஸ்பேம். ஒரு காலத்தில் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது, சில பழைய வழிகாட்டிகள் இன்னும் அதை நிறுவச் சொல்கின்றன. கடைசிப் பதிப்பு 3.10.2, வந்தது 2012-ல். வேண்டாம். அப்படியே, மெயில் நம்மிடமிருந்துதான் போனது என்று காட்டும் டிகிம் கையெழுத்துச் சமாச்சாரத்தையும் பார்த்தேன். அந்தக் கையெழுத்தைப் போடும் ஓப்பன்டிகிம் இல்லாத மெயில் சர்வர் குறைவு, அதன் 2.10.3 பதிப்பு 2015-ல் வந்தது, அதற்குப் பிறகு முறையான பதிப்பு ஒன்றைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தோம். இதற்கிடையே ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்கள் டிகிம், சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் எல்லாம் வைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டன. ஒருபக்கம் அதைக் கட்டாயமாக்குகிறார்கள், இன்னொரு பக்கம் அதைச் செய்துகொடுக்கும் கருவியின் கதவில் ஒட்டடை. ஓடுவதென்னவோ ஓடுகிறது, எங்களிடமும் ஓடியது. ஆனால் 'ஓடுகிறது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கடைசியில் ஆர்ஸ்பேம்டிக்கு மாறினேன். சி மொழியில் எழுதியது, விதிகள் லுவாவில், படித்ததை நினைவில் வைத்துக்கொள்ள ரெடிஸ் என்ற தரவுத்தளம். பெர்ல் வடிகட்டி மூச்சு வாங்கிய அதே பெட்டியில் இது அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. ஒரே எல்லைக்கோடு இல்லை, படிப்படியாக வைத்திருக்கிறார்கள், 4-க்கு மேல் என்றால் கொஞ்சம் காத்திரு, 6-க்கு மேல் என்றால் முத்திரை, 15-க்கு மேல் என்றால் வாசலோடு போ. டிகிம் கையெழுத்தும் இதற்குள்ளேயே இருப்பதால் பழைய கருவியைக் கழற்றமுடிந்தது. எந்த மெயில் எந்த விதியில் மாட்டியது என்று பிரவுசரிலேயே பார்க்கலாம், அக்காவிடம்கூடத் திறந்து காட்டினேன், "அப்போ இதுல சிவப்பா இருந்தா உன் தப்பு, சரியா?" என்றார். புதுப் பதிப்புகள் அடிக்கடி வருகின்றன. அது நல்லது, தலைவலியும்கூட, போன மாதம் படித்த ஆவணம் இந்த மாதம் பொருந்தாமல் போகும். லினக்ஸ் தொகுப்புகளோடு வருகிற பதிப்பு பெரும்பாலும் பழையது, அவர்களுடைய களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். பழைய பேய்ஸ் நினைவை அப்படியே கொண்டுவரமுடியாது, எங்களுடையதைக் கொண்டுவர எனக்கு ஆசையும் இல்லை. அந்த 41 நல்ல மெயில்களைத்தான் முதல் பாடமாகக் கொடுத்தேன்.

மதிப்பெண் போடச் சொன்னால், ஸ்பேம் அசாசின் 4.0-க்குத் தினமும் விதி இறங்குகிறது, யாரோ லாக் பார்க்கிறார்கள் என்ற நிபந்தனையோடு 10-க்கு 7. ஆர்ஸ்பேம்டிக்கு 8, ஒன்று ஆவணத்துக்காகக் குறைத்தது, இன்னொன்று அதுவும் ஒருசில கைகளை நம்பி நிற்பதால். குட்டித் துணை நிரலுக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. அட்மினான எனக்கு 2, அதுவும் கடைசியில் ஹெடரைத் திறந்ததற்காக.

"எதற்கு இந்தப் பாடு, பெரிய நிறுவனத்திடம் மெயிலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: இருக்கலாம். வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க ஆள் இல்லாத அலுவலகம் என்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். எங்களுக்கு மெயில் வெளியே போகக்கூடாது என்று வேறு காரணங்கள் இருக்கின்றன.

அந்த அரை மணியையும் இப்போது ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் பாதியாக்கிவிட்டது. பிளாக்லிஸ்ட்களுக்கு 2010-ல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணைய நடைமுறை ஆவணத்தில் ஒரு அருமையான விதி இருக்கிறது. உயிரோடு இருக்கும் பட்டியலில் சோதனைக்கென்றே 127.0.0.2 எப்போதும் இருக்கவேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக்கூடாது. ஆகவே தினமும் காலையில் ஒவ்வொரு பட்டியலிடமும் இரண்டையும் கேட்கிறேன். முதலாவதுக்குப் பதில் இல்லை என்றால் பட்டியல் செத்துவிட்டது அல்லது என்னை மறுக்கிறது. இரண்டாவதுக்குப் பதில் வந்தால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, உடனே கழற்றவேண்டும். எழுதியதே 20 வரிதான். 7 வருடத்துக்கு முன்னால் யாராவது இதை எழுதியிருந்தால் நேர்காணல் தேதியை மாற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஒரு பதிலாவது போயிருக்கும். தாமதமாக ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினோம், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாக மரியாதையாகவே பதில் எழுதினார்.

போன செவ்வாய்க்கிழமை காலை 6:10-க்கு ஸ்க்ரிப்ட் முதல்தடவையாகக் கத்தியது. இரவு அப்டேட் போட்டதில் அன்பவுண்ட் எழுந்திருக்கவில்லை, ஒரு பட்டியலும் பதில் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே எழுப்பிவிட்டுத் திரும்பப் படுத்தேன். அன்றைக்கு 10 மணிக்கு அக்கா என் மேசைப் பக்கம் வந்தார், பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதாம்.